கவலையும் விசாரம்... தேடலும் விசாரம்!

கட் ஆஃப் மதிப்பெண்ணுக்கு ஒன்றேகால் குறைவு. வங்கி எழுத்தர் தேர்வு முடிவு வந்த அன்று, திருவண்ணாமலை கிரிவலப் பாதையை ஒட்டிய தெருவில் இருக்கும் அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. இது இரண்டாவது முறை. "இன்னும் ஒரே தடவை எழுதட்டும். அப்புறம் மாப்பிள்ளை பார்த்திடலாம்" என்றார் அப்பா. 24 வயது மகள் பதில் பேசவில்லை.

"மனசுல விசாரம் வச்சிக்காத கண்ணு" என்று தலையைத் தடவிவிட்டுப் போனார் ஆயா.

காலை வாரிவிட்டது ஆங்கிலம். முதல்நிலைத் தேர்வில் அதற்கு 30 கேள்விகள், 20 நிமிடங்கள். எக்ஸாமின், இன்ஸ்பெக்ட், இன்வெஸ்டிகேட், ஸ்க்ரூட்டினி, இன்கொயரி என்று எத்தனை வார்த்தைகள் வந்தாலும் அவளுடைய நோட்டில் எல்லாவற்றுக்கும் 'ஆய்வு' என்று ஒரே பொருள்தான் எழுதியிருந்தது. எந்த இடத்தில் எதைப் போடுவது என்பதில்தான் குழப்பம்.

ஒரு வாரம் கழித்து, நூலகத்தில் தடிமனான ஓர் ஆங்கில அகராதியை எடுத்து உட்கார்ந்தாள். மனப்பாடம் கைகொடுக்கவில்லை, வேரையாவது பார்ப்போமே என்று.

முதலில் 'எக்ஸாமின்'. லத்தீனில் 'எக்ஸாமென்' என்றால் தராசின் முள். எந்தத் தட்டு கனம் என்று காட்டுகிற அதே முள்தான். எடை போடுவது என்ற பொருளிலிருந்துதான் பரீட்சைக்கு அந்தப் பெயர் வந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும், கதவுக்குப் பின்னால் தொங்கிய பழைய கைத்தராசை எடுத்தாள். காய்கறிக் கடைக்கு எலெக்ட்ரானிக் தராசு வந்த பிறகு அதை யாரும் தொடுவதில்லை.

"என்னா கண்ணு, அத எடுத்து வச்சிக்கினு?"

அவள் விஷயத்தைச் சொன்னாள். ஆயா சிரித்தார். "முள்ளு என்னா பண்ணும்? தட்டுல வச்சதத்தான் காட்டும். கூடையில எவ்ளோ இருக்குதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

அன்று இரவு அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

அடுத்தடுத்த நாள்களில் மற்ற வார்த்தைகளும் பிடிபட்டன. 'இன்ஸ்பெக்ட்' என்றால் உள்ளே பார்ப்பது. 'இன்வெஸ்டிகேட்' வார்த்தைக்குள் இருப்பது 'வெஸ்டிஜியம்', அதாவது காலடித் தடம். தடத்தைப் பிடித்துக்கொண்டே போவதுதான் புலனாய்வு. 'ஆடிட்' என்றால் கேட்பது. ஒரு காலத்தில் கணக்கை வாசிக்கச் சொல்லி, காதால் கேட்டே சரிபார்த்தார்கள். 'ஸ்க்ரூட்டினி'யின் வேர், கந்தல், குப்பை என்ற பொருள் தரும் 'ஸ்க்ரூட்டா' என்கிறார்கள். பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் கிரிவலப் பாதையில் குப்பையைக் கிளறி, விலை போகிறதை மட்டும் பொறுக்கி எடுப்பவர்கள் அவளுக்கு நினைவுக்கு வந்தார்கள். இனி அந்த வார்த்தை மறக்காது.

நம்முடைய 'ஆய்வு' மட்டும் என்னவாம்? திண்ணையில் உட்கார்ந்து ஆயா தினமும் செய்வதுதான். முளைக்கீரையை மடியில் போட்டு, பழுத்த இலையையும் பூச்சி அரித்ததையும் கிள்ளி எறிந்து, நல்லதை முறத்தில் சேர்ப்பதற்குப் பெயர் கீரை ஆய்தல்.

கடைசியாக 'இன்கொயரி'. லத்தீனில் 'குவாரெரே' என்றால் தேடு. இந்த ஊருக்குத் தேடல் புதிதா? திருமால் பன்றியாகி அடியையும், பிரம்மன் அன்னமாகி முடியையும் தேடிய ஜோதிதான் மலையாக நிற்கிறது என்கிறது தலபுராணம். 1896-ல் 16 வயதில் இங்கே வந்த ரமணர், பேசாமல் இருந்த காலத்தில் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற வருவாய்த்துறை ஊழியர் கேட்ட கேள்விகளுக்கு எழுதிக் காட்டியே பதில் சொன்னார். 'நான் யார்?' என்ற சிறிய புத்தகம் பிறந்தது அப்படித்தான். அதில் அவர் காட்டிய வழிக்குப் பெயர் விசாரம். ஆங்கிலத்தில் அதை 'இன்கொயரி' என்றே மொழிபெயர்க்கிறார்கள்.

அவள் பேனாவை வைத்துவிட்டாள். ஆயா சொன்ன விசாரமும் இதே சொல்தானே! கவலைக்கும் அதுதான் பெயர், தேடலுக்கும் அதுதான். இத்தனை நாளாக அவள் செய்தது முதலாவது மட்டும்.

மாதிரித் தேர்வு எழுதுவாள். மதிப்பெண் குறைந்தால் பயந்து, எங்கே தவறு என்று பார்க்காமலேயே மூடிவிடுவாள். இப்போது ஒவ்வொன்றாகத் திறந்தாள். கீரை ஆய்வது போலத் தவறுகளைப் பிரித்தாள். எல்லாத் தேர்விலும் ஒரே தடம்தான். கடைசி இரண்டு நிமிடங்களில் படிக்காமலே குத்துமதிப்பாகப் போட்ட விடைகளில் ஆறோ ஏழோ தவறு. ஒரு தவறுக்குக் கால் மதிப்பெண் குறையும். ஆறு தவறுக்கு ஒன்றரை!

ஒன்றேகால் எங்கே போயிருக்கும் என்று இப்போது புரிந்தது.

ராத்திரி பதினொரு மணிக்கும் விளக்கு எரிவதைப் பார்த்து ஆயா எட்டிப்பார்த்தார். "இன்னும் அந்த விசாரம் போகலயா கண்ணு?"

"விசாரப்படல ஆயா... விசாரிச்சுக்கினு இருக்கேன்!"