தேயிலை ஏறாத மலை

ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்தவர்களுக்கு மலை என்றாலே தேயிலைதான். லயத்து வாசலில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் நிரை நிரையாகப் பச்சை. அந்த மலைகளுக்கு அதற்கு முன் வேறொரு முகம் இருந்தது என்று பள்ளிக்கூடத்திலும் யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. அதை என் கண்ணால் காண வைத்தது ஹோர்ட்டன் சமவெளி.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி சித்தப்பா குடும்பம் இந்தியாவுக்குப் போகும் முறை வந்துவிட்டது. பெட்டி கட்டும் அவசரத்துக்கு நடுவில் அவருக்கு, சமவெளியின் விளிம்பிலுள்ள உலக முடிவு என்ற செங்குத்துப் பாறையைப் பார்க்கும் ஆசை. "உலக முடிவ ஒரு தடவ பாத்துட்டுப் போயிடுறேண்ணே. அங்க போய் யாராச்சும் கேட்டா சொல்லணும்ல" என்று அப்பாவிடம் சொன்னார். சனிக்கிழமை பின்னேரம் ரயில் ஏறி ஒஹியவில் இறங்கினோம். தெரிந்தவர் வீட்டில் படுத்தெழுந்து, விடிய வெகுநேரம் முன்பே நடக்கத் தொடங்கினோம். பத்துக் கிலோமீட்டருக்கு மேல் ஏற்றம். அம்மா கட்டிக் கொடுத்த ரொட்டியும் கட்டச்சம்பலும், ஒரு போத்தல் சாயத்தண்ணியும் என் தோளில். கம்பளியைப் போர்த்திக்கொண்டு அப்பா முன்னால் நடந்தார்.

தேயிலை ஓரிடத்தில் நின்றுவிட்டது. அதற்கு மேலே காடு. அந்தக் காடும் திடீரென்று விலகியபோது, இருபுறமும் பெரும் புல்வெளி விரிந்து கிடந்தது. கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேலே அப்படியொரு விரிந்த வெளி இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? தை மாதக் குளிர். புல் நுனியெல்லாம் உறைபனி. ஒரு கொத்தைப் பிடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு இதழின் ஓரத்திலும் ஊசி ஊசியாக வெள்ளை நின்றது. விரல் பட்டதும் கரைந்து தண்ணீராக மணிக்கட்டில் வழிந்தது. அப்பாவின் வெறுங்கால்கள் சிவந்துபோயிருந்தன. அவர் அதைப் பொருட்படுத்தவே இல்லை.

வெயில் ஏறாத அந்த வேளையில்தான் மரைகளைக் கண்டோம். முதலில் நீராவியாகத்தான் தெரிந்தன. மூச்சு மேலெழும் இடத்தைப் பார்த்துப் பழகிய பிறகே கழுத்தும் கொம்பும் புலப்பட்டன. கிடாய் ஒன்று எங்களைப் பார்த்துக் காலால் தரையைத் தட்டியது. மற்றவை தலை நிமிர்ந்தன. ஓடவில்லை. இந்த மரைகளை நம்பித்தான் சிறுத்தைகள் இங்கே வாழ்கின்றன. இலங்கைக்கே உரிய சிறுத்தையினம் அது. அன்று சிறுத்தை எங்கள் கண்ணில் படவில்லை. பாதையோரத்து எச்சத்தில் மரை மயிர் கிடந்ததை மட்டும் அப்பா குச்சியால் கிளறிக் காட்டினார்.

யானைகள்தான் இல்லை. ஒரு காலத்தில் இந்த வெளியில் யானைக் கூட்டங்கள் நடமாடின. பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் ரோஜர்ஸ் என்ற வெள்ளைக்காரர் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவராகப் பெயர் பெற்றவர். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் வேட்டைநாய்களை ஏவி இங்கே மரைகளைத் துரத்தியவர். சமவெளியின் அழகான அருவிக்கு இன்றும் அவர் பெயர்தான். சமவெளிக்கோ 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாக இருந்த வில்மட் ஹோர்ட்டனின் பெயர். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதிக்குள் இந்த மேட்டுநிலத்து யானைகள் அடியோடு அற்றுப்போயின. வேட்டையாடியவரின் பெயர் வரைபடத்தில் நிலைத்திருப்பது எனக்கு இன்றும் நெஞ்சில் முள்ளாகத்தான் இருக்கிறது.

புல்வெளியிலிருந்து காட்டுக்குள் நுழைந்தால் உலகமே வேறு. கீனா மரங்கள் குடை விரித்தாற்போல் நிற்கும். அதிக உயரமில்லை, காற்றின் அடியில் வளைந்து முறுக்கேறியவை. தண்டெல்லாம் பாசி. கிளைகளிலிருந்து தாடி தாடியாக மரப்பாசி தொங்கும். அப்படியொரு தண்டில்தான் அந்தச் சின்ன ஓணானைப் பார்த்தேன். மூக்கின் நுனியில் வெள்ளைக் கொம்பு! என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்று நீளம். நான் முகத்தை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுபோன பிறகும் அசையவில்லை. ஒரு கண் மட்டும் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தது. இலங்கையின் உயர்மலைக் காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இந்த ஓணான் கிடையாது என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. அரெங்கா என்று பறவை பார்ப்பவர்கள் சொல்லும் நீலச் சீட்டிப் பறவையும் இந்தத் தீவுக்கே உரியதுதான். விடியலில் நீரோடைப் பக்கத்துப் புதரிலிருந்து கீச்சென்று குரல் கொடுத்துவிட்டு மறைந்துவிடும். இந்தக் காட்டுத் தேவாங்கின் கதை இன்னும் வியப்பு. அறுபது ஆண்டுகளுக்கு மேல் அது அற்றுப்போய்விட்டதாகவே கருதியிருந்தார்கள். 2010இல்தான் அதன் முதல் புகைப்படங்கள் வெளியாயின. குளிருக்கு ஏற்ற அடர்ந்த மயிர், குட்டையான கைகால், பெரிய வட்டக் கண்கள்.

அந்தக் காட்டில் மழையில்லாமலே மழை பெய்தது. மூட்டம் வந்து மரங்களில் மோதும்போது அதிலுள்ள ஈரத்தை இலையும் பாசியும் பிடித்துச் சொட்டுச் சொட்டாக மண்ணில் இறக்குகின்றன. மண்ணுக்குள் போன அந்தத் தண்ணீர் சதுப்புகளில் ஊறி, ஓடைகளாகக் கிளம்புகிறது. மகாவலி, களனி, வளவை என்று நாட்டின் மூன்று பெரிய ஆறுகளுக்கு இங்கிருந்து நீர் போகிறது. "நம்ம பீலித் தண்ணியும் இந்த மாதிரி காட்டுலேருந்துதான் வருது, தம்பி" என்றார் அப்பா. படிக்காத மனிதர். காடு வெட்டிய பரம்பரையில் வந்தவருக்குத் தண்ணீரின் வழி தெரிந்திருந்தது.

ஆம், அந்தக் காடுகளை வெட்டியது எங்கள் முன்னோர்களின் கைகள்தான். வெட்டச் சொன்னவர்கள் வேறு. முதலில் கோப்பி, பிறகு தேயிலை என்று மலை மலையாக மொட்டையடித்தபோது, 1873இல் ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியலாளர் ஓர் ஆலோசனை சொன்னார்: 5,000 அடிக்கு மேலே உள்ள காடுகளைத் தொடாதீர்கள். அந்த வார்த்தைக்கு அரசாங்கம் செவிசாய்த்ததால்தான் இந்தச் சமவெளி தப்பியது. இல்லையென்றால் இங்கேயும் ஒரு ஸ்டோரும் நாலு லயமும் இருந்திருக்கும். எங்கள் கொள்ளுப்பாட்டன்மார் வந்து இறங்கியபோது பார்த்த மலை எப்படியிருந்தது என்று அறிய விரும்பும் எவருக்கும் இங்கே வருவதைத் தவிர வேறு வழியில்லை.

உலக முடிவை அடைந்தபோது மணி எட்டு இருக்கும். வழியில் முதலில் வந்த சின்ன உலக முடிவைப் பார்த்து, இதுதானா என்று சித்தப்பா கேட்டிருந்தார். இன்னும் கொஞ்ச தூரம் நடந்ததும் பாதை முடிந்தது, நிலமும் முடிந்தது. காலடியிலிருந்து சுமார் 870 மீட்டர் செங்குத்தாக இறங்குகிறது பாறை. அன்று வேலி கிடையாது. அப்பா என் சட்டையைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கீழே தகரக் கூரைகள் பளபளத்தன. தேயிலை நிரைகள் சீப்பால் வாரியது போலத் தெரிந்தன. தெற்கே வெகு தொலைவில் ஒரு வெள்ளைக் கோடு. கடல் என்றார்கள். சித்தப்பா கீழே தெரிந்த லயங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு சின்னதாண்ணே நம்ம ஒலகம்?" என்று கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. ஒன்பதரைக்கெல்லாம் பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறி எல்லாவற்றையும் மூடிவிட்டது.

சித்தப்பா கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில்தான் மறுபடி வேலைக்குச் சேர்ந்தார். அங்கிருந்து எழுதிய கடிதம் ஒன்றில், அங்கேயும் புல்வெளியும் சோலையும் மாறி மாறி வருவதையும், நாங்கள் சமவெளியில் பார்த்த அதே செம்பூ மரம் நிற்பதையும் எழுதியிருந்தார். சிங்களத்தில் மஹ ரத்மல் என்பார்கள். நீலகிரியில் நிற்பது அதன் உடன்பிறப்பு. குறிஞ்சியின் உறவான நெலுவும் இங்கே 12 ஆண்டுக்கு ஒருமுறை காடு முழுக்கப் பூக்கும். அதன் விதை பொறுக்கக் காட்டுக்கோழிகள் கூட்டமாக வரும். அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

இந்த இடம் 1969இல் சரணாலயமானது. 1988இல் தேசியப் பூங்காவானது. 2010இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. காப்பு கூடியிருக்கிறது. கவலையும் கூடியிருக்கிறது. அறுபதுகளில் அரசாங்கம் விதை உருளைக்கிழங்கு பயிரிட்ட பகுதியில் புல் இன்னும் பழையபடி திரும்பவில்லை. வெள்ளைக்காரர் காலத்தில் வந்த மஞ்சள் பூ முட்செடி புல்லை விழுங்குகிறது. காட்டில் பல இடங்களில் மரங்கள் நின்றபடியே பட்டுப்போகின்றன. வாகனம் நிறுத்துமிடத்தில் மரைகள் மனிதர் கையைப் பார்த்து நிற்கின்றன. காலால் தரையைத் தட்டிய அந்தக் கிடாயின் வம்சம் இப்படிப் பாணுக்கும் பிஸ்கட்டுக்கும் கையேந்தி நிற்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். காலை ஆறு மணிக்கெல்லாம் வாசலில் இருங்கள். பிந்தினால் மூட்டத்தைத்தான் பார்ப்பீர்கள். பொலித்தீனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மரைக்கு எதையும் நீட்டாதீர்கள். தோட்டத்துப் பாடசாலைகளின் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஆண்டுக்கொரு முறை சுற்றுலா என்று பிள்ளைகளைக் கொழும்புக்கு அழைத்துப் போகிறீர்கள். ஒரு தடவை இங்கே கூட்டிவாருங்கள். அவர்கள் வீட்டுக்கு மேலேதான் இருக்கிறது.