கரிசல் சாலைகளில் மிதிவண்டி

மிதிவண்டியில் அமைதியாகச் சுற்றிவர ஏற்ற நாடு எதுவென்று மேனாட்டாரைக் கேட்டால், திராட்சைக் கொடிகள் படர்ந்த குன்றுப் பகுதிகளையே சுட்டிக் காட்டுவர். பிரான்சு நாட்டின் அல்சாசு, இத்தாலியின் தஸ்கனி ஆகிய இடங்களில் வாகன நெரிசலற்ற சிறு சாலைகளைத் தேர்ந்து, ஏற்றம் எவ்வளவு, இறக்கம் எவ்வளவு, இளைப்பாற இடம் எங்கே என்றெல்லாம் கணக்கிட்டு வழிநூல்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அருப்புக்கோட்டையையும் திருச்சுழியையும் சூழ்ந்த நம் வானம் பார்த்த பூமிக்கு அப்படியொரு வழிநூலை நாம் கண்டதில்லை. மலை இல்லை, திராட்சை இல்லை, நிழலும் குறைவு. யார் எழுதப் போகிறார்கள்! ஆயினும் இப்பகுதியின் சிறு சாலைகளை விரல் நுனியில் வைத்திருந்த ஒருவர் நம் வீட்டிலேயே இருந்தார்.

நம் அத்தா மர்ஹூம் அவர்கள் தவணைக்குத் துணி விற்றவர். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அருப்புக்கோட்டைத் தறிகளில் நெய்த சேலைகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு கிழக்கே உள்ள சிற்றூர்களுக்குப் போவார். டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் ஹெர்குலிஸ் வண்டி அவருடையது. வெறும் வண்டியே ஏறக்குறைய 20 கிலோ. கேரியரில் மூட்டை, ஹாண்டில்பாரில் தண்ணீர்க் கூஜா, சட்டைப்பையில் கணக்கு நோட்டு. விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் புறப்பட்டால் மஃரிபுக்குத்தான் திரும்புவார். இவ்வளவு அலைந்தும் அவருடைய சுற்று கஸ்ரு தொழுகைக்குரிய தொலைவை ஒருநாளும் எட்டியதில்லை; முழுத் தொழுகையும் தொழ வேண்டியதுதான் என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

மலைநாட்டில் மிதிவண்டிக்காரனுக்கு ஏற்றம் எதுவோ, கரிசல் நாட்டில் அது காற்று. ஆனி பிறந்ததும், தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையைப் பெரும்பாலும் மலைக்கு அப்பாலேயே இறக்கி வைத்துவிட்டு, வெறுங்கையோடு இங்கே வந்து புழுதியை வாரும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியை இங்கே மிதிவண்டி ஓட்டியவர் எவரும் மிகையென்று கருத மாட்டார். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர். காலையில் போகும்போது காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். மூட்டையின் கனம் தெரியாது. பகல் ஏற ஏறக் காற்றும் வலுக்கும். மாலையில் வீடு திரும்புகையில் அதே காற்று நெஞ்சில் கை வைத்துத் தடுக்கும். மூட்டை பாதியாகக் குறைந்திருக்கும். ஆனாலும் நேரம் இரு மடங்காகும். ஐப்பசியில் வாடை வீசத் தொடங்கியதும் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகும்.

இதற்கு அத்தா கண்டுவைத்திருந்த உபாயம் ஒன்று உண்டு. இந்நிலம் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிவது. ஆகவே கண்மாய்களின் கரை பெரும்பாலும் கிழக்குப் புறமாகப் பிறைபோல் வளைந்து கிடக்கும். கரைக்கு அடியில், வயலை ஒட்டிச் செல்லும் வண்டித்தடத்தில் புகுந்துவிட்டால், மேல்காற்று கரையில் மோதித் தலைக்கு மேலே போய்விடும். தார்ச்சாலையைவிடச் சுற்றுவழிதான், ஆனால் மூச்சு மிஞ்சும். ஒரு கண்மாய்க் கரை முடிந்து அடுத்த கண்மாய்க் கரை தொடங்கும் வரையுள்ள வெட்டவெளியை மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்துவிட்டால் போதும். இப்படிக் கரை கரையாகத் தொற்றிக்கொண்டு அவர் வீடு வந்து சேர்வார். கரையின் மேலேறிக் கலுங்கைக் கடந்து இறங்கும் இடங்கள்தாம் இந்நாட்டு மிதிவண்டிக்காரன் காணும் மலைகள்.

மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு 800 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்யும் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வருவது. கோடையில் கை நுழையும் அளவு வெடித்துக் கிடக்கும் கரிசல், மழை விழுந்ததும் பசையாகிவிடும். பத்தடி ஓட்டினால் மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே மண் அடைத்துச் சக்கரம் நின்றுவிடும். பிறகு மனிதன் வண்டியைச் சுமக்க வேண்டியதுதான். மண்ணைக் குத்தி எடுப்பதற்கென்றே அத்தாவின் வண்டியில் ஒரு மூங்கில் குச்சி செருகியிருக்கும். சீமைக் கருவேல முள்ளின் கொடுமை தனிக்கதை. வேலிக்கென்றும் விறகுக்கென்றும் வந்த மரம் கண்மாய்களுக்குள்ளேயே காடாகிவிட்டது. அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களும் இங்கே உண்டு. ஆகவே அதை முழுதும் பழிக்க நமக்கு நா எழவில்லை, டியூபுக்கு ஒட்டுப் போடும் வேளை தவிர.

குடிநீர்க்கு ஊருணி. பங்குனிக்குப் பின் பதநீர். திராட்சை நாட்டுப் பயணிகள் மதுக் கிடங்குகளில் இறங்கி இளைப்பாறுவார்களாம். நம் பாதையில் பனையடிதான் இளைப்பாறும் இடம். பனையில் கட்டிய கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது பதநீர். தடவாவிட்டால் அதே சாறு புளித்துக் கள்ளாகிவிடும். கள்ளுக்குத் தமிழகத்தில் இப்போதுள்ள தடை வந்தது 1987இல். அத்தா காலத்திலேயே அவர் கலயத்தின் உட்புறத்தை எட்டிப் பார்க்காமல் ஒரு மிடறும் குடித்ததில்லை. பனையேறியும் அதைத் தவறாக எண்ணியதில்லை. "பாய்க்குச் சுண்ணாம்புக் கலயம்" என்று தனியே எடுத்து வைப்பாராம்.

வெள்ளிக்கிழமைச் சுற்றை மட்டும் பள்ளிவாசல் உள்ள ஊரில் நண்பகல் வரும்படி அமைத்துக்கொள்வார். மற்றபடி அவருடைய பாதையை வகுத்தது பாக்கிதான். மானாவாரிப் பருத்தி மாசி, பங்குனியில் வெடிக்கும். அதுவரை எவரும் காசு தரமாட்டார், அவரும் கேட்கமாட்டார். மழை பொய்த்த ஆண்டில் நோட்டில் ஒரு கோடு போட்டு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவிடுவார். ஊரை விட்டுப் பிழைக்கப் போனவர்கள் திரும்பி வந்து கொடுத்த பாக்கிகளும் உண்டு.

இவையெல்லாம் பழங்கதையாகவே நின்றிருக்கும். நம் தங்கையின் மகள் பதினொன்றாம் வகுப்பில் அரசு தந்த மிதிவண்டியோடு வீட்டுக்கு வந்ததால் நிலைமை மாறிற்று. 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கென்று தொடங்கிய அத்திட்டம், பின்னர் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர் அனைவர்க்கும் விரிந்தது. தங்கையின் ஊர் திருச்சுழிக்கு மேற்கே 7 கிலோமீட்டர். காலையில் பள்ளிக்குப் போவது எளிது. மாலையில் எதிர்க்காற்று, பிள்ளை வீடு சேர இருட்டிவிடும் என்பது மச்சானின் கவலை. "பொம்பளைப் பிள்ளை அந்தக் காட்டுப் பாதையில தனியா எப்படி வரும்? பஸ் வந்தா வரட்டும், இல்லேன்னா படிச்சது போதும்" என்று முடித்துவிட்டார். பேருந்தோ வரும் நாளைவிட வராத நாளே அதிகம்.

புதுக்கோட்டை மாவட்டத்தை நாம் எடுத்துச் சொன்னோம். 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்பித்தது. ஆயிரக்கணக்கானோர் கற்றனர், அவர்களுள் நம் சமுதாயப் பெண்களும் இருந்ததைப் பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கிறார். மச்சான் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், அசையவில்லை. அசைத்தது நம் அம்மாதான். சுவரோரம் உட்கார்ந்து தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருந்தவர், "அந்தப் பாதையில எந்தெந்த வீட்டுல நமக்குப் பாக்கி நின்னுச்சுன்னு எனக்கு இன்னும் தெரியும் தம்பி. மழை பேஞ்சதும் தேடி வந்து குடுத்த சனங்க. அவுங்க பிள்ளைய பாத்துக்கிற மாட்டாங்களா?" என்றார். அடுத்த ஞாயிறு மச்சானையே இன்னொரு வண்டியில் ஏற்றிக்கொண்டு, கண்மாய்க் கரையடித் தடத்தை அவளுக்குக் காட்டிக் கொடுத்தோம். ஒன்றரைக் கிலோமீட்டர் கூடுதல். அந்த ஆடி முழுதும் அவள் இருட்டுமுன் வந்து சேர்ந்தாள்.

பள்ளி முடிந்ததும் பல வீடுகளில் இவ்வண்டிகள் மாட்டுக்கொட்டகையில் துருப்பிடிக்கின்றன; பாதி விலைக்கு விற்போரும் உண்டு. இப்போது அவள் அருப்புக்கோட்டைக் கல்லூரிக்குப் பேருந்தில் போகிறாள். வண்டியை விற்க விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நம்மோடு வருகிறாள். சில நாள் மச்சானும் வருகிறார். மதுரை-தூத்துக்குடி நால்வழிச் சாலை பேரிரைச்சலையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொண்டதால், உட்சாலைகள் முன்போலவே அமைதியாக இருக்கின்றன. ஒருமுறை கமுதிப் பக்கம் வரை போனோம். 2016இல் அங்கே 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்திருக்கிறது. தொலைவிலிருந்து பார்த்தபோது பெருகிக் கிடக்கும் கண்மாய் என்றே நினைத்தாள். கிட்டே போனால் தகடுகள். ஒதுங்க ஒரு கரை இல்லை. திரும்பும் வழியில் காற்று நம்மை நன்றாகவே விசாரித்தது.

நரிக்குடிச் சாலையை அவள் இன்னும் பார்க்கவில்லை. அத்தாவின் நோட்டில் அந்தப் பக்கத்து ஊர்கள் நிறைய இருக்கின்றன. மழை நின்று தடம் காயட்டும் என்று காத்திருக்கிறோம்.