தெம்பெலிங் ஆற்றைக் கேட்டு நாள் குறியுங்கள்

கெப்பாலா பத்தாஸில் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து தாமான் நெகாராவுக்குப் போய்க் கூடாரம் போடலாம் என்று பேச்சு எடுத்தால், முதலில் பார்ப்பது நாட்காட்டியைத்தான். தீபாவளி முடியட்டும், பிள்ளைகளுக்கு ஆண்டிறுதி விடுமுறை வரட்டும், வேலையிடத்தில் விடுப்புக் கிடைக்கட்டும் என்று கணக்குப் போட்டுக் கடைசியில் டிசம்பரில் ஒரு வாரத்தைக் குறிப்பார்கள். கூடாரம், அடுப்பு, அட்டைக் கடிக்கு உப்பு, குழந்தைகளுக்குக் காலுறை என்று மற்ற எல்லாவற்றையும் கவனமாக எழுதி வைக்கிறோம். ஆற்றை மட்டும் யாரும் கேட்பதில்லை. இந்தப் பயணத்துக்கு நாள் குறிக்க வேண்டியது தாமான் நெகாராவின் விளிம்பில் ஓடும் தெம்பெலிங் ஆறுதான் என்பது என் உறுதியான கருத்து.

இதில் வடக்கு மாநிலத்தவர்களாகிய நமக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. தீபகற்பத்தின் முதுகெலும்பாக நிற்கும் தித்திவாங்சா மலைத்தொடர் வடகிழக்குப் பருவமழையின் வேகத்தை நம் பக்கம் வராமல் பெரிதும் தடுத்துவிடுகிறது. பினாங்கில் செப்டம்பர், அக்டோபரில் நல்ல மழை. ஆண்டு பிறக்கும் வேளையில் வெயில் சுட்டெரிக்கும். செபராங் பிறை வயல்களுக்கு மேலே வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும் அதே நாட்களில், மலைக்கு அப்பால் பகாங்கிலும் கிளந்தானிலும் திரெங்கானுவிலும் அடைமழை கொட்டும். தாமான் நெகாராவின் 4,343 சதுர கிலோமீட்டர் காடு இந்த மூன்று மாநிலங்களில்தான் பரந்து கிடக்கிறது. நம் வீட்டு வாசலில் நின்று வானத்தைப் பார்த்து அந்த ஆற்றைக் கணிப்பவர் தவறாகத்தான் கணிப்பார்.

2014 டிசம்பரில் என்ன நடந்தது என்பது இன்னும் பலருக்கு நினைவிருக்கும். கிழக்குக் கரை மாநிலங்களை மூழ்கடித்த அந்தப் பெருவெள்ளம் பூங்காவின் வாசலான கோலா தஹானையும் விட்டுவைக்கவில்லை. விடுமுறைக்கு வந்திருந்த சுற்றுலாப் பயணிகள் வெளியேற வழியின்றிச் சிக்கி, பிறகு மீட்கப்பட்டார்கள். அங்கே ஆறு வெறும் காட்சிப் பொருள் அன்று. கோலா தெம்பெலிங் படகுத்துறையிலிருந்து கோலா தஹானுக்கு நீண்ட மரப்படகில் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். தண்ணீரின் அளவைப் பொறுத்து மூன்று மணி நேரம் வரை பிடிக்கும். இப்போது ஜெரான்துட்டிலிருந்து தார்ச்சாலை இருக்கிறதே, படகை ஏன் நம்ப வேண்டும் என்று கேட்கலாம். சாலை உங்களைப் பூங்காவின் எதிர்க்கரை வரைதான் கொண்டு சேர்க்கும். அதற்கு மேல் லாத்தா பெர்க்கோவுக்கோ கோலா திரெங்கானுக்கோ போக வேண்டுமானால் பெரும்பாலும் ஆறுதான் சாலை. வெள்ளம் பெருகினால் படகு போகாது. வறட்சியில் தண்ணீர் வற்றினாலும் பாறைகளுக்கு நடுவே படகு தட்டும், பயணிகள் இறங்கி நடக்க நேரும்.

அப்படியானால் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும் மார்ச் முதல் செப்டம்பர் வரை கண்ணை மூடிக்கொண்டு போகலாமா? கூடாது. பருவம் பார்ப்பது பாதி வேலைதான். 2021 ஆகஸ்டில் குனோங் ஜெராயிலிருந்து இறங்கிய கெப்பாலா ஆயர் எனும் திடீர் ஆற்றுப் பெருக்கு, யான் வட்டாரத்தில் உயிர்களைப் பறித்தது. 2022 ஜூலையில் பாலிங்கில் மூவர் இறந்தனர். இரண்டும் வடகிழக்குப் பருவமழை மாதங்கள் அல்ல. இரண்டும் நமக்குத் தொலைவான ஊர்களும் அல்ல. மேல்மலையில் பெய்யும் மழை கீழே கூடாரம் போட்டிருப்பவருக்குத் தெரியாது. ஆகவே இடம் தேடும்போது மணல் திட்டின் அழகில் மயங்காமல், கரையோர மரங்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். தஹான் ஆற்றின் இருபுறமும் நெராம் மரங்கள் தண்ணீரின்மேல் சாய்ந்து வளர்ந்திருக்கும். அவற்றின் கிளைகளில் காய்ந்த சருகும் குச்சியும் சிக்கியிருந்தால், அடிமரத்தில் வண்டல் பூசிய கோடு இருந்தால், கடந்த வெள்ளம் அந்த உயரம் வரை வந்து போயிருக்கிறது. கூடாரம் அதற்கு மேலேதான். தெளிந்த நீர் திடீரென்று கலங்கி, இலையும் குச்சியும் மிதந்து வரத் தொடங்கினால் சாமான்களை எடுக்க நிற்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏற வேண்டும்.

இவ்வளவு பயம் எதற்கு, சுற்றுலா நிறுவனத்திடம் பணம் கட்டினால் அவர்கள் பார்த்துக்கொள்வார்களே என்பது இன்னொரு வாதம். நல்ல வழிகாட்டிக்கு அந்த ஆறு தெரியும். அவர் சொல்வதைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் டிசம்பர் என்று தேதி கொடுப்பவர்கள் நாம். வெள்ள எச்சரிக்கை வந்தால் தேதியை மாற்றலாமா, முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்று பதிவு செய்யும்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வதும் நம் பொறுப்பு. கட்டிய பணம் வீணாகிவிடுமே என்ற எண்ணமே பலரை ஆபத்துக்குள் தள்ளுகிறது.

பள்ளி விடுமுறையை விட்டால் குடும்பமாகப் போக வேறு நாளே இல்லை என்பவர்களின் கவலைதான் உண்மையில் கனமானது. வேலைக்குப் போகும் பெற்றோருக்கு அது பொய்யான சாக்கு அன்று. அவர்கள் ஆண்டின் நடுவில் வரும் பள்ளி விடுமுறையைப் பிடிக்கலாம். அதுவும் முடியாமல் டிசம்பர்தான் என்றால், பகாங்கை மறந்துவிட்டுத் தெலுக் பஹாங் போகலாம். 2003இல் அறிவிக்கப்பட்ட பினாங்கு தேசியப் பூங்கா அங்கே இருக்கிறது. பந்தாய் கெராச்சுட்டில் ஆமைப் பாதுகாப்பு மையம் இருக்கிறது, காட்டுப் பாதை இருக்கிறது. பாரம் சுமந்து நடக்கவும், மழையில் கூடாரம் கட்டவும் பிள்ளைகள் பழகுவதற்கு அது நல்ல இடம். அங்கும் அனுமதி பெற்று, வானிலை பார்த்தே போக வேண்டும்.

மூடா ஆற்று நீரை நம்பி நெல் விளையும் வட்டாரம் நம்முடையது. பினாங்கின் குழாய்த் தண்ணீரில் பெரும்பகுதியும் அந்த ஆற்றிலிருந்தே வருகிறது. ஆற்றைக் கேட்டு நடக்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. ஆகவே அடுத்த பயணத்துக்கு விடுப்பு மனு எழுதுவதற்கு முன், நீர்ப்பாசன வடிகால் துறையின் வெள்ளத் தகவல் தளத்தில் பகாங் ஆறுகளின் நீர்மட்டத்தைப் பாருங்கள். வானிலைத் துறையின் எச்சரிக்கையைப் பாருங்கள். கோலா தஹானில் உள்ள வனவிலங்கு, தேசியப் பூங்கா இலாகா அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்புப் போடுங்கள். திரும்பும் நாளுக்குப் பின்னால் ஒரு நாளாவது கூடுதல் விடுப்பு வைத்துக்கொள்ளுங்கள். இலாகாவினர் வர வேண்டாம் என்றால், தயங்காமல் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.