பிரின்டரைப் பழுதாக்கியது நாங்கள்தான்



போன தவணை வினாத்தாள்கள் ஏன் பிந்தின என்று பெற்றார் சிலர் கேட்டிருந்தீர்கள். காரணம் விஞ்ஞானம் படிப்பிக்கும் நாங்கள் இரண்டு பேரும்தான். பிள்ளைகளின் மேல் பழி போகக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறோம்.

ஆய்வுகூடத்தில் பாசிச்சாயத்தாள் முடிந்திருந்தது. நீலச் சங்குப்பூ அவித்த சாறும் அமிலத்தையும் காரத்தையும் காட்டும். அதைத் தாளில் அச்சடித்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு துண்டு கொடுக்கலாமே என்று நினைத்தோம். 2013இல் டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வீட்டுப் பாவனைக்கான பிரதர் பிரின்டரில் வெள்ளித் துணிக்கை மையை இட்டு மின்சுற்று அச்சிட்டதை வாசித்திருந்தோம். அந்தத் துணிவில், காரியாலய பிரின்டரில் மை தீர்ந்திருந்த கறுப்புத் தாங்கிக்குள், துணியால் வடித்த சாற்றை அப்படியே ஊற்றினோம்.

சில தாள்கள் கோடு கோடாக வந்தன. பிறகு ஒன்றும் வரவில்லை. அந்த வகை பிரின்டர் மையைச் சூடாக்கிக் குமிழி உண்டாக்கித்தான் துளியைத் தள்ளும். மயிரை விடச் சிறிய துவாரங்கள் அடைபட்டுவிட்டன. புதிய அச்சுத்தலை வந்து சேர இரண்டு கிழமை.

சாறு வடித்த தரம் 9 பிள்ளை எங்களிடம் வந்து, "நான்தான் ஊத்தின எண்டு சொல்லுங்க சேர், ஒங்களுக்கு ஏச்சு விழும்" என்றான். அன்றிரவு எங்களுக்குத் தூக்கமில்லை. காலையில் அதிபரிடம் உண்மையைச் சொன்னோம். செலவைக் கைக்காசில் கட்டினோம்.

பிறகு ஒரு பழைய பிரின்டரைத் தேடி வாங்கினோம். இம்முறை வகையைப் பார்த்து எடுத்தோம். எப்சன், பிரதர் பிரின்டர்களில் மின்சாரத்துக்கு வளையும் படிகம் துளியைத் தள்ளும், மை சூடாகாது. திரும்ப நிரப்பக்கூடிய காட்ரிஜ் பொருத்தினோம். சாற்றை முதலில் கோப்பி வடிகட்டியிலும், பிறகு சிரிஞ்சில் பொருத்தும் 0.45 மைக்ரோமீற்றர் வடிகட்டியிலும் வடித்தோம். துவாரத்தில் காயாமலிருக்க பாமசியில் வாங்கிய கிளிசரின் கொஞ்சம் சேர்த்தோம். வேலை முடிந்ததும் காய்ச்சி வடித்த நீரால் கழுவினோம். போட்டோகொப்பித் தாளில் சுண்ணாம்புச் சேர்வை இருப்பதால் நிறம் பிசகும். அதனால் வடிதாளை ஏ4 தாளில் ஒட்டி உள்ளே விட்டோம்.

நிறம் மங்கலாக இருந்ததால் நான்கு தரம் அச்சடித்தோம். தேசிக்காய்ச் சாறு பட இளஞ்சிவப்பு; சவர்க்கார நீர் பட பச்சை. முதல் துண்டை அந்தப் பிள்ளையின் கையில்தான் கொடுத்தோம்.

பிந்திய வினாத்தாள்களுக்காக எங்களை மன்னித்துக்கொள்ளுங்கள். வீட்டில் சும்மா கிடக்கும் எப்சன், பிரதர் பிரின்டர் இருந்தால் வீசிவிடாமல் எங்களுக்குத் தாருங்கள். பிள்ளைகளின் பரீட்சைக்குப் பாவிக்கும் இயந்திரத்தில் இனி நாங்கள் பரிசோதனை செய்ய மாட்டோம்.