கங்காணியும் ஐடி பிளாக்கும்

கங்காணி என்ற சொல் கண்காணி என்பதிலிருந்து வந்தது. கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பவர். மென்பொருள் வேலையில் நாங்கள் நாள் முழுக்கப் புழங்கும் 'மானிட்டரிங்'குக்கும் அதுதான் பொருள். எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் கண்டிச்சீமைக்குப் போன குடும்பங்கள் நிறைய. அவர்களின் பேரப்பிள்ளைகளிடம் பேசினால் வெள்ளைக்காரத் துரையைப் பற்றி அதிகம் வராது. கங்காணியைத் திட்டத்தான் வார்த்தை வரும்.

திட்டுவதற்குக் காரணம் உண்டு. ஊரில் ஆள் பிடித்தவர் அவர், முன்பணம் கொடுத்துக் கடன்காரனாக்கியவர் அவர். வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் தோட்டம் அவருக்குக் காசு கொடுத்தது. அதனால் காய்ச்சலோடு படுத்திருப்பவரையும் எழுப்பிப் பெரட்டுக்களத்துக்கு விரட்டுவது அவருக்கு லாபம். தோட்டம் மாற வேண்டுமென்றால் 'துண்டு' வேண்டும். இந்த ஆள் இவ்வளவு பாக்கி, கட்டினால் விடுவிக்கிறோம் என்று எழுதிய சீட்டு அது. 1921இல்தான் ஒழித்தார்கள். சொன்ன எடைக்குக் கொழுந்து பறிக்காவிட்டால் 'அரைப்பேர்'. நாள் முழுக்க மலையில் ஏறி இறங்கியும் பாதிக் கூலி.

இந்த அரைப்பேர் எனக்கு ஞாபகம் வந்தது என் சித்தப்பா மகனால். பி.இ. மெக்கானிக்கல் முடித்துவிட்டு வேளச்சேரி, பெருங்குடி, துரைப்பாக்கம் பக்கம் உணவு டெலிவரி ஓட்டுகிறான். (எங்கள் குடும்பத்தில் மூன்று பி.இ. இருக்கிறோம். இப்போதெல்லாம் இதற்கு யாரும் ஆச்சரியப்படுவதில்லை.) ஓட்டல் வாசலில் இருபத்தைந்து நிமிஷம் நின்றால் அந்த நிற்பதற்குக் காசு இல்லை. இத்தனை ஆர்டர் முடித்தால் இன்சென்டிவ் என்று காட்டும்; கடைசி ஒன்று பாக்கி இருக்கும்போது ஆர்டர் நின்றுவிடுகிறது என்று சத்தியம் செய்கிறான். ராத்திரி பத்தரைக்கு மேல் அந்த ஏரியாவில் ஆர்டரே குறைவாகத்தான்டா வரும், வேறொன்றும் இல்லை என்றேன்.

"அதையாச்சும் அது சொல்லலாம்லண்ணே?"

போன வருஷம் ஒருநாள் காலையில் அவன் ஐடி பிளாக் ஆகியிருந்தது. விதிமீறல் என்று ஒரு வரி. என்ன விதி, எப்போது மீறினான், ஒன்றும் இல்லை. உதவிப் பக்கம் ஆப்புக்குள் இருக்கிறது. ஆப்புக்குள் போக ஐடி வேண்டும். நேரே ஆபீசுக்குப் போனான். வாசலில் செக்யூரிட்டி, "தம்பி, ஆப்ல டிக்கெட் போடுங்க, இங்க யாரையும் பார்க்க முடியாது" என்று அனுப்பிவிட்டார். எனக்கு போன் செய்தான். "நீ கம்ப்யூட்டர் ஆளுதானேண்ணே, யார்கிட்ட பேசணும்னு மட்டும் சொல்லு." யாரென்று சொல்வது? ஒன்பதாம் நாள் தானாகவே திறந்துகொண்டது. அப்போதும் ஒரு விளக்கமும் இல்லை. இடையில் வண்டி டியூ தேதி வந்து போனது. அந்த ஒன்பது நாளில் வேறொரு ஆப்பில் சேர்ந்து பார்த்தான். மூன்று வருஷம் மழையில் நனைந்து சேர்த்த ரேட்டிங் அங்கே செல்லாது, புது ஆள்தான். துண்டு கடனையாவது கூடவே கொண்டுபோனது. இங்கே நல்ல பெயரும் கூட வருவதில்லை.

சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனிக்காகச் சில வருஷம் வேலை ஒதுக்கும் மென்பொருள் எழுதியிருக்கிறேன். அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஆர்டர் வந்ததும் பக்கத்தில் இருப்பவர்களைப் பொறுக்கும். கடைக்குப் போக எவ்வளவு நேரம், சமையல் எப்போது முடியும், கையில் ஏற்கனவே ஆர்டர் உண்டா, முன்னால் எத்தனை மறுத்தார் என்று எல்லாவற்றையும் எண்ணாக்கி வரிசைப்படுத்தும். இந்த வரிசைப்படுத்தல் உண்மையிலேயே சிக்கலானதுதான். ஆனால் ஆளை நிறுத்தி வைக்கும் பகுதி பெரும்பாலும் சாதாரண விதிகள். இந்த எண் இதைத் தாண்டினால், அந்தப் புகார் இத்தனை வந்தால், பிளாக். மெஷின் லேர்னிங் மாடல் ஒன்று சந்தேகப்பட்டுக் கொடி காட்டினாலும் அது கொடுத்த மதிப்பெண் எங்கேயோ பதிவாகும். எந்த விதி, எந்த நொடியில், எந்த எண்ணைப் பார்த்து ஓடியது என்று லாகில் ஒரு வரி விழும். விழவில்லையென்றால் எங்களால் ஒரு பிழையைக்கூடத் திருத்த முடியாது. ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கத்திலிருந்து எழுப்பப்படும் இன்ஜினியர் முதலில் திறப்பது அதைத்தான்.

ஆகவே 'அல்காரிதம் எடுத்த முடிவு, விளக்குவது கஷ்டம்' என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை. காரணம் இருக்கிறது. என்னைப் போன்ற ஆட்களுக்குத் தெரியும்படி வைத்திருக்கிறார்கள், என் தம்பிக்குத் தெரியும்படி வைக்கவில்லை. கங்காணி நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவர் பெரும்பாலும் ஒரே ஊர்க்காரர், பல சமயம் சொந்தக்காரர். சாயங்காலம் அவர் லயத்து வாசலில் போய் நின்று 'ஏன்யா எனக்கு அரைப்பேர் போட்ட?' என்று சத்தம் போட முடிந்தது. பதில் அநியாயமாக இருக்கலாம், அடிகூட விழலாம். கேட்க ஓர் ஆள் இருந்தார்.

இது ஒரு தம்பியின் கதை மட்டும் இல்லை. நிதி ஆயோக் 2022இல் வெளியிட்ட அறிக்கை, 2020-21இல் இந்தியாவில் இப்படி வேலை செய்பவர்கள் 77 லட்சம் என்றும், 2029-30இல் 2.35 கோடி ஆவார்கள் என்றும் மதிப்பிட்டது. கம்பெனிகள் இவர்களைப் 'பார்ட்னர்' என்கின்றன. 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் வழக்கமான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே வேலை செய்பவர் என்றுதான் கிக் தொழிலாளியை வரையறுக்கிறது. தமிழ்நாடு 2023இல் இவர்களுக்கு ஒரு நலவாரியம் அமைத்தது. தேவையான காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் விபத்துக்கு உதவித்தொகை கேட்க ஓர் இடம் கிடைத்ததே தவிர, 'என்னை ஏன் நிறுத்தினாய்' என்று கேட்க இடம் கிடைக்கவில்லை.

அந்தக் கேள்வியை வேறு இடங்களில் கேட்டிருக்கிறார்கள். 2023 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஊபர், ஓலா ஓட்டுநர்கள் தொடுத்த வழக்குகளில், தானியங்கி முடிவுகளுக்கு விளக்கம் பெற அவர்களுக்கு உரிமை உண்டு என்று பெரும்பாலும் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. மனிதர் பார்த்துத்தான் முடிவெடுத்தோம் என்று ஊபர் சொன்னதை, பெயருக்குப் பார்த்ததுதான் என்று ஏற்க மறுத்தது. பக்கத்துக் கர்நாடகத்தில் 2025இல் வந்த சட்டம், வேலையிலிருந்து நீக்க வேண்டுமென்றால் காரணத்தை எழுதி 14 நாள் முன்கூட்டியே அறிவிக்கச் சொல்கிறது. ஓசூரில் வண்டி ஓட்டுபவருக்கு இது கிடையாது. அத்திப்பள்ளி தாண்டினால் உண்டு.

தமிழ்நாட்டிலும் இப்படி ஒரு சட்டம் வந்தால் கம்பெனிகள் நடைமுறைச் சிரமம் என்றுதான் முதலில் சொல்லும். அதற்காக என் மதிப்பீட்டை இங்கே போட்டு வைக்கிறேன். லாகில் இருக்கும் காரணத்தை எடுத்து டேபிளில் ஒரு காலமாகச் சேர்ப்பது, ஆப்பில் ஒரு திரை, லாகின் இல்லாமலே திறக்கும் ஒரு லிங்க், அப்பீல் பட்டன். இரண்டு டெவலப்பர், ஒரு டெஸ்டர், இரண்டு வாரம். தமிழில் எழுத இன்னும் ஒரு நாள். அந்த அப்பீலைப் படித்துப் பதில் சொல்ல ஆள் வைப்பதற்குத்தான் மாதாமாதம் செலவு.