முதற் காலத்தின் அருமை

நாகஸ்வரத்தில் விரல் வைத்து மூடத்தக்க துவாரங்கள் ஏழே; அந்த ஏழைக் கொண்டு பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களையும் அவற்றினிடையே ஊசலாடும் கமகங்களையும் பேசவைக்க வேண்டியிருப்பதால், வீணைக்காரருக்கு மெட்டுகள் செய்யும் உபகாரத்தை எங்களுக்கு உதடும் மூச்சுமே செய்தாக வேண்டும். விரல் அசையாதிருக்கையிலேயே, வாயில் வைத்து ஊதும் சீவாளியை உதடு சற்று அழுத்தினால் ஸ்வரம் ஏறும், தளர்த்தினால் இறங்கும்.

விரல் பழகுவது அப்படியொன்றும் பிரமாதமான காரியமல்ல. மாயாமாளவகௌளையில் ஸரளி வரிசையையும் ஜண்டை வரிசையையும் மூன்று காலங்களிலும் ஊதச் சொன்னால், இளம் விரல்கள் மூன்றாம் காலத்தில் துள்ளி ஓடிவிடும். கேட்பவர்களும், பையனுக்கு வித்தை பிறவியிலேயே அமைந்துவிட்டதென்று கொண்டாடுவார்கள். அதே பையனை மெதுவான முதற் காலத்தில் ஒரு மத்யமத்தின் மேல் நிற்கச் சொல்லிப் பாருங்கள்! தம் தீரத் தீர ஸ்வரம் தாழும். தூக்குவதற்காக உதட்டை இறுக்குவான், நாதம் கீச்சிடும். வேகம் மறைத்து வைத்திருந்த குறைகளெல்லாம் சவுக்கத்தில் வெளிப்பட்டுவிடுகின்றன.

சீவாளியின் குணமோ தனி. கொறுக்கைத் தட்டையைப் பக்குவப்படுத்தி, நறுக்கிக் கட்டுகிற அந்தச் சிறு பொருள், மழைக்காலத்தில் ஊறியும் கோடையில் வறண்டும் தினமொரு சுபாவம் காட்டும். நேற்றுச் சரியாயிருந்த அழுத்தம் இன்று தவறிப்போவதால், உதட்டின் மனப்பாடம் உதவாது. ஒவ்வொரு விடியற்காலை சாதகத்திலும் செவியே புதிதாகத் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். என் அபிப்பிராயத்தில், வித்வானை உண்டாக்குவது இந்தச் சிரமந்தான். தன் நாதத்திலுள்ள குறை ஆரம்பத்தில் எவன் செவிக்கும் எட்டுவதில்லை. எட்டிய அன்றே மூச்சு திருந்தத் தொடங்குகிறது. திருந்திய மாத்திரத்தில் செவி அதனினும் நுட்பமான வேறொரு குறையைக் கண்டுபிடித்துவிடுகிறது. அப்பியாசத்துக்கு முடிவில்லை என்று பெரியவர்கள் சொல்வது தன்னடக்கத்தினால் அல்ல.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898-1956) வாசித்த தோடியைத் தெய்வ கடாக்ஷம் என்று சொல்வோருடன் எனக்கு வழக்கில்லை. ஆயினும், நாயனத்தைக் கையிலெடுக்குமுன் அவர் வாய்ப்பாட்டுப் பயின்றவர் என்பதை மறந்துவிடலாகாது. சுத்த மத்யமம் சுத்தமாகப் பேசவேண்டுமென்று, நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியைக் கொண்டு வாத்தியத்தையே திருத்தியமைக்கச் செய்தது பாடிப் பழகிய அந்தச் செவிதான்.

பிள்ளைகளை நாயனம் பயில அனுப்பும் பெற்றோரிடம் ஒன்று வேண்டிக்கொள்வேன்: ஆறு மாதம் ஆயிற்றே, கல்யாணத்தில் ஒரு கீர்த்தனையாவது வாசிப்பானா என்று கேட்கவேண்டாம், ஸட்ஜத்தில் அசையாமல் நிற்கிறானா என்று ஆசிரியரிடம் விசாரியுங்கள்.