அப்பாவின் கைக்கு ஒரு ஜோடி உறை

வானொலியில் காலை நிகழ்ச்சி செய்பவள் நான். ஒலிபரப்புக் கூடத்துக் குளிர்சாதனத்தில் நாலு மணி நேரம் உட்கார்ந்து பேசுகிறவளுக்கு கேமரன் மலைக் குளிர் எம்மாத்திரம் என்று நினைத்துவிட்டேன். போன டிசம்பரில் அந்த நினைப்புக்கு நல்ல பாடம் கிடைத்தது.

அப்பாவின் அக்காள், எங்கள் பெரிய அத்தை, பிரிஞ்சாங்கிற்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறார். வருஷத்துக்கு ஒரு தடவை அப்பா போய்ப் பார்த்துவிட்டு வருவார். "காடியில போலாம்பா" என்றேன். "காடியில போனா மலைக் காத்து எங்க படும்? மோட்டார்ல போவோம் ஆயி" என்றார். அவர் தன் பழைய இஎக்ஸ்5-இல் முன்னால், நான் என் மோட்டாரில் பின்னால். சுங்கை சிப்புட்டில் விடிகாலையில் கிளம்பி, ஈப்போவில் பசியாறி, சிம்பாங் பூலாயில் இடப்பக்கம் திரும்பி மலையேறினோம்.

சுண்ணாம்புக் குன்றுகளும் கல்லுடைக்கும் இடங்களும் முடிந்ததும் சாலை வளையத் தொடங்கும். போஸ் சிலிம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. நான் போட்டிருந்தது பத்து வெள்ளித் துணி உறை. கால் மணி நேரத்தில் அது ஈரத் துணியாகிவிட்டது. விரல்கள் முதலில் வலித்தன, பிறகு மரத்துப்போயின. ஒரு வளைவில் பிரேக்கைப் பிடித்தேனா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. பயந்து ஓரம் கட்டினேன். அப்பாவும் நிறுத்தினார். அவர் கையில் உறையே இல்லை. "குளிரலையாப்பா?" என்றேன். "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார். தோட்டத்து உடம்பு, அதான் தாங்குகிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டே வண்டியைத் திருப்பினேன்.

ஏன் இவ்வளவு குளிர்கிறது என்று பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 1,000 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 பாகை வெப்பம் குறையும். பிரிஞ்சாங் கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். ஈப்போவில் விடிகாலை 24 பாகை என்றால் அங்கே 15. அதன் மேல் மோட்டார் வேகத்தில் அடிக்கிற காற்று. அதற்கும் மேல் ஈரம்; ஈரம் உலரும்போது கைச்சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். உடம்போ நெஞ்சையும் வயிற்றையும் காப்பாற்றுவதற்காக விரலுக்குப் போகிற ரத்தத்தைக் குறைத்துவிடும்.

சரி, இந்தத் தடவை சூடேறும் கையுறை வாங்கிவிடுவது என்று அப்பாவையும் அழைத்துக்கொண்டு ஈப்போவில் ஒரு மோட்டார் சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரச் சீனர் பொறுமைசாலி. இரண்டு வகை எடுத்துப் போட்டார். ஒன்று, மணிக்கட்டுப் பட்டையில் சின்ன பேட்டரி வைத்தது. மூன்று நிலைச் சூடு உண்டு. அதிகச் சூட்டில் வைத்தால் இரண்டு மணி நேரம் போல வரும், குறைத்து வைத்தால் இன்னும் நீடிக்கும். மற்றொன்று, மோட்டாரின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து கம்பி இழுத்து மாட்டுவது. பெரிய மோட்டாருக்கு அது சரி. இஎக்ஸ்5 மாதிரிச் சின்ன வண்டியில் உற்பத்தியாகிற மின்சாரமே கொஞ்சம். விளக்குக்கும் கொடுத்து இரண்டு கைக்கும் கொடுத்தால் பேட்டரி படுத்துவிடும் என்றார்.

சூட்டைவிட முக்கியமாக அவர் சொன்னது மூன்று விஷயம். தண்ணீர் உள்ளே புகாத உறையாக இருக்க வேண்டும். ஈரமானால் பேட்டரிச் சூடும் வீண். இறுக்கமாக இருக்கக் கூடாது. இறுகினால் ரத்தம் ஓடாமல் விரல் இன்னும் குளிரும். உறையோடு பிரேக்கைப் பிடித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

ஒரு ஜோடியை அப்பா கையில் மாட்டி, மற்றொன்றை நான் மாட்டி, இரண்டையும் அதிகச் சூட்டில் வைத்தோம். பத்து நிமிஷத்தில் எனக்குச் சுரீரென்றது, கழற்றிவிட்டேன். அப்பா சாதாரணமாக நின்றுகொண்டிருந்தார். "சூடா இருக்காப்பா?"

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

போன வருஷம் மலையில் கேட்ட அதே வார்த்தை. உறையை உருவிப் பார்த்தேன். விரல்களின் மேல்தோல் சிவந்திருந்தது.

அப்பாவுக்குப் பதினைந்து வருஷமாக இனிப்புநீர். கை மரத்துப்போவதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. "வயசானா அப்படித்தான்னு நெனச்சேன்" என்றார். அரசாங்கக் கிளினிக்கில் டாக்டர் விளக்கினார்: இனிப்பு கூடி நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது; சூடு, குளிர், காயம் எதுவும் உடனே தெரியாது; இப்படிப்பட்டவர்கள் சூடேறும் உறை, சுடுநீர்ப் பை இரண்டையும் தொடக் கூடாது. மோட்டார் ஓட்டுவதையும் இப்போதைக்கு நிறுத்தச் சொன்னார்.

வீடு திரும்பும்போது சாலையின் இருபுறமும் செம்பனை. அப்பா வேலை செய்த தோட்டமும் இன்று செம்பனைதான். பக்கத்துக் கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரம் ஒன்று இன்னும் நிற்கிறது. அந்தக் காலத்தில் தொடங்கிய தொழிலில் எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறை பால் வெட்டியது. உலகத்திலேயே அதிகமாக ரப்பர் கையுறை செய்யும் நாடு நம் நாடு. ஆனால் அப்பா ஒரு நாளும் உறை போட்டு மரம் வெட்டியதில்லை. பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரம் புண்ணாகிவிடும், கங்காணியின் ஏச்சு வேறு. விடியாத இருட்டில், நெற்றி விளக்கில், எவ்வளவு ஆழம் என்பதைக் கத்தி வழியாகக் கைதான் சொல்லும். அந்தக் கைக்குத்தான் இப்போது சூடு தெரியவில்லை.

சூடேறும் உறையை நான் எனக்குக்கூட வாங்கவில்லை. தண்ணீர் புகாத, உள்ளே கம்பளி வைத்த சாதாரண உறையே இரண்டு ஜோடி எடுத்தேன். இரண்டு மணி நேரப் பயணத்துக்கு அது போதும். என்னைப் போல் அடிக்கடி குளிரில் ஓட்டாதவர்கள் முதலில் இதைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு பேட்டரிக்குச் செலவு செய்யலாம்.

போன மாதம் மறுபடி ஏறினோம். அப்பா என் பின்னால், காற்று புகாமல் சட்டையை முன்பின்னாகப் போட்டுக்கொண்டு. குளிரும் அவருக்குத் தெரியாது என்பதால் அரை மணிக்கு ஒரு முறை நிறுத்தினேன். உறையைக் கழற்றி அவர் விரல்களை என் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் தடவை வெட்கப்பட்டார். மூன்றாவது தடவை நான் கேட்காமலே கையை நீட்டினார்.

வாசகர்களே, உங்கள் வீட்டில் யாராவது "எனக்குக் குளிரே தெரியாது" என்று பெருமையாகச் சொன்னால், ஒரு தடவை கிளினிக்கிற்கு அழைத்துப் போய்க் கையையும் காலையும் காட்டுங்கள்.

அத்தை வீட்டு வாசலிலேயே காத்திருந்தார். சுடச்சுடத் தேநீர் கொண்டுவந்து தம்பி கையில் கொடுக்கப் போனார். நான் இடையில் வாங்கி, ஆறும் வரை பிடித்திருந்துவிட்டு அப்பாவிடம் கொடுத்தேன்.